சராசரி ஏறிய வாரம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. தொழிற்சாலையில் மற்ற எல்லோருக்கும் அவர் சங்கு. ஷிப்டு தொடங்கும்போதும் முடியும்போதும் சங்கை ஊத வைக்கிற பொத்தான் டைம் ஆபீஸில், அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இருந்தது. அதைத் தொடுகிற உரிமை அவர் விரலுக்கு மட்டும்தான். "சங்கு அண்ணே" என்று முதலில் கூப்பிட்டவனை ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு பழகிவிட்டது. "நம்ம எல்லாருக்கும் ஒருநாள் இவருதான்டா ஊதப்போறாரு" என்று பிரஸ் பிரிவுப் பையன்கள் கேலி பேசும்போது அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

அங்கே செய்தது கதவுக் கீல். வீடு கட்டுகிறவன் செங்கல்லைப் பற்றிப் பேசுவான், தரையைப் பற்றிப் பேசுவான், சுவருக்கு என்ன நிறம் என்று பெண்டாட்டியோடு சண்டை போடுவான். கீலைப் பற்றி ஒருத்தனும் வாய் திறப்பதில்லை. கதவு கிறீச்சிட்டால்தான் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். ஆனால் ஊரில் வீடு கட்டுவது குறைந்தால் அந்தத் தொழிற்சாலைக்கு அது முதலில் தெரிந்துவிடும். அதிலும் முதலில் தெரிவது சங்குக்கு.

அவருடைய முக்கியமான வேலை சங்கு ஊதுவதில்லை. உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் அடிக்கிற கார்டுகளை எடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் அந்த வாரம் மொத்தம் எத்தனை மணி நேரம் வேலை நடந்தது என்று கூட்டி, அதை ஆள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருகிற விடைதான் வாரச் சராசரி. மாதத்துக்கு ஒருமுறை அது அரசாங்கத்தின் புள்ளிவிவர அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் எல்லாத் தொழிற்சாலைகளின் கணக்கையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, நாட்டுக்கே ஒரு எண்ணை எடுப்பார்கள். அதை வானொலிச் செய்தியில் வாசிப்பார்கள். வாசிக்கிற அன்று சங்கு கையிலிருக்கிற டீயைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ மகன் பரீட்சை முடிவைக் கேட்பதுபோல் உட்கார்ந்திருப்பார்.

"இதுல நம்மளதும் ஒரு துளி இருக்கு" என்பார் முடிந்ததும்.

"ஆமா, நாட்டுக்கே ஜுரம் பாக்குற டாக்டரு" என்பாள் மனைவி. "நம்ம வீட்டு குழாய் ஒழுகறது மட்டும் கண்ணுக்குத் தெரியாது."

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. குழாய் ஒழுகத்தான் செய்தது. இரண்டே அறை கொண்ட வீடு. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அதிலும் ஒரு அறை சும்மா கிடந்தது. தொழிற்சாலைச் சங்கு ஊதினால் சமையலறைத் தட்டு அதிரும் தூரம். ஆனால் தன்னை டாக்டர் என்றதும் அவருக்கு உள்ளூரக் குளிர்ந்துவிடும். விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"ஆளை நிறுத்துறதுக்கு முன்னாடி எந்த முதலாளியும் ஓவர்டைமைத்தான் நிறுத்துவான். அதே மாதிரி, ஆளை எடுக்குறதுக்கு முன்னாடி ஓவர்டைம் குடுத்துப் பாப்பான். அதனாலதான் மணி நேரத்தைப் பாக்கணும்ங்கறது. மணி நேரம் முன்னாடி போகும், ஆள் பின்னாடி வரும். எத்தனை வருஷமா பாக்குறேன், ஒருதடவைகூட மாறினதில்லை."

இதை அவர் நம்பினார். சிலர் கடவுளை நம்புகிற மாதிரிகூட இல்லை. பேருந்து வரும் என்று நம்புகிற மாதிரி, யோசிக்காமல் நம்பினார். இந்தக் கதையில் வருகிற துக்கம் முழுக்க அந்த நம்பிக்கையில்தான் முளைத்தது.

மனைவியும் அதே தொழிற்சாலைதான். கீல் கோர்க்கிற பிரிவில் ஜன்னல் ஓர மேசை அவளுடையது. இரண்டு தகடுகளின் சுருள்களை ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி, நடுவில் கம்பியைச் செருகி, மெஷினில் வைத்து மிதியை மிதிக்க வேண்டும். மெஷின் இறங்கிக் கம்பியின் முனையை நசுக்கும். அப்புறம் அந்த இரண்டு தகடுகளும் ஆயுளுக்கும் பிரியாது. "நான் கட்டி வைக்கிற கல்யாணம் ஒண்ணுகூட கோர்ட்டுக்குப் போனதில்லை" என்று அவள் பீற்றிக்கொள்வாள். சங்கு சராசரியைக் கொண்டாடினார் என்றால் அவள் அந்த மேசையைக் கொண்டாடினாள். காலையில் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு புறப்படும்போது அவள் நடையே வேறாக இருக்கும். சமைக்கும்போது இருக்கிற அலுப்பு அந்த நடையில் இருக்காது. ஆறு பெண்கள் அந்த மேசையில். கை பாட்டுக்குக் கோர்க்கும், வாய் பாட்டுக்குப் பேசும். ஒருத்தி வீட்டு மாமியார் மற்ற ஐந்து பேருக்கும் மாமியார்.

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாராவது பாத்ரூம் போக எழுந்தால், தலை சுற்றுகிறது என்று கொஞ்சம் சுவரில் சாய்ந்தால், பக்கத்தில் இருக்கிறவள் தான் முடித்த கீல்களில் கொஞ்சத்தை எடுத்து அவள் தட்டில் போட்டுவிடுவாள். சூப்பர்வைசர் வந்து தட்டைப் பார்த்தால் குறைவு தெரியக்கூடாது. அவர் காலி இருக்கையைக் காட்டி "எங்கே?" என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "அவ வெளியே போயிருக்கா, இப்ப வந்துடுவா." யார் யாருக்கு எத்தனை போட்டார்கள் என்ற பேச்சே அங்கே கிடையாது.

சங்கின் மனைவிக்குப் பக்கத்து இருக்கை, எல்லோரும் வாயாடி என்று கூப்பிடுகிறவளுடையது. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள், சின்ன வயசு. புருஷன் லாரியில் போனவன், போன இடத்திலேயே தங்கிவிட்டான். இரண்டு குழந்தைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். அழ வேண்டிய கதையை எல்லாம் அவள் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். சங்கை அவள் ஒருத்திதான் மாமா என்று கூப்பிட்டாள். "மாமா, இன்னிக்கு ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஊதிவிடுங்களேன், நாடு என்ன கெட்டா போயிடும்?" என்று டைம் ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டுவாள். கெட்டுத்தான் போகும் என்று அவர் நிஜமாகவே விளக்கம் சொல்லத் தொடங்கினால், பாதியிலேயே ஓடிவிடுவாள்.

முதலில் ஓவர்டைம் நின்றது. தொழிலாளர்கள் சந்தோஷப்பட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். பொழுதோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். சங்கு மட்டும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அடுத்தது சனிக்கிழமை போனது. பிறகு மற்ற நாட்களிலும் கடைசி ஒரு மணி நேரம் தகடு வராமல் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க, சீக்கிரம் போகச் சொன்னார்கள். குடோனில் கீல் பெட்டிகள் கூரையைத் தொட்டன. கார்டுகளைக் கூட்டுகிற சங்கின் பென்சில் ஒவ்வொரு வாரமும் முந்தின வாரத்தைவிடச் சின்ன எண்ணை எழுதியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மென்று விழுங்கிக்கொண்டார்.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மோசமான ஆள் இல்லை மேனேஜர். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். வாரச் சராசரி முப்பத்தாறு மணி நேரத்துக்குக் கீழே போகிற பிரிவுகளை மூடிவிட்டு வேலையை வெளியே கான்ட்ராக்டில் கொடுத்துவிடலாம் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்திருந்தது. கோர்க்கும் பிரிவு முப்பத்தைந்தும் சொச்சமுமாக நின்றது.

"இந்தக் காலாண்டு முடியறதுக்குள்ள எப்படியாவது முப்பத்தாறைத் தாண்டணும். ஆனா வேலை இல்லையே, நான் எங்க போய் மணி நேரத்தைக் கொண்டு வர்றது?" என்றார் மேனேஜர்.

சங்குக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை. கணக்கு என்று வந்துவிட்டால் அவருக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

"மேல இருக்கறதை ஏத்த முடியலைன்னா கீழ இருக்கறதைக் குறைக்கலாம் சார்" என்றார். "இருபது பேர் இருக்காங்க. அதே வேலையைப் பத்தொன்பது பேரால வகுத்தா முப்பத்தேழு வரும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மேனேஜர் அவரை நன்றியோடு பார்த்தார்.

"அப்போ கடைசியா சேர்ந்தவங்க யாரு, அந்தப் பொண்ணுதானே?"

"எனக்கு ரெண்டு நாள் குடுங்க சார்."

அன்று சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சங்கு குழாயைச் சரி செய்கிறேன் என்று உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தானாகக் குழாய்ப் பக்கம் போனதில்லை என்பதால், ஏதோ விபரீதம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாரு?" என்றாள்.

"என்ன யாரு?"

"எங்க பிரிவுல யாரை அனுப்பறாங்க? வாயாடியையா?"

அவர் தலையாட்டினார். பிறகு முப்பத்தாறு, முப்பத்தேழு, இருபது, பத்தொன்பது எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது தான்தான் என்பதையும் சொன்னார். அதை மறைக்காத அளவுக்கு அவர் நல்லவர்.

"அவ போனா அந்த வீட்டுல அடுப்பு எரியாதுங்க" என்றாள் அவள்.

"தெரியும்."

"அவ போகலைன்னா?"

"எல்லாருமே போகணும். வேற யாராவது ஒருத்தங்க தானா ஒதுங்கினா..." அவர் குழாயைப் பார்த்தபடியே சொன்னார். "நம்ம வீட்டுல இன்னொரு சம்பளம் இருக்கு."

அவள் மடித்துக்கொண்டிருந்தது அவளுடைய நீலக் கோட்டு. அதை மறுபடியும் பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

"கொஞ்ச நாள்தான்மா" என்று அவர் அவசர அவசரமாகச் சொன்னார். "இது அடிமட்டம். இனிமே ஏறத்தான் செய்யும். முதல்ல மணி நேரம் ஏறும், உடனே ஆள் எடுப்பாங்க. உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. நான் அங்கதானே உக்காந்திருக்கேன்? மணி நேரம் ஏறுற அன்னிக்கே உனக்கு வந்து சொல்றேன்."

"நீங்க சொன்னா சரி" என்றாள். ஜுரம் பார்க்கிற டாக்டர் என்று அன்றைக்குக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வாரக் கடைசியில் அவள் நின்றுகொண்டாள். முழங்கால் வலி என்று மேசையில் சொன்னாள். வாயாடி மட்டும் நம்பவில்லை. கேட் வரைக்கும் கூடவே வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றாள்.

அடுத்த வாரம் சராசரி முப்பத்தேழைத் தொட்டது. சங்கு இனிப்புப் பொட்டலம் வாங்கி வந்தவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னார்.

"நான் ஒருத்தி போனதுக்கே இவ்வளவு ஏறிச்சா?" என்றாள் மனைவி. "அப்போ இன்னும் ஒரு பத்துப் பேரை அனுப்பிடுங்க. நாடு எங்கயோ போயிடும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும்தான்.

வீட்டில் இருக்க அவளுக்குத் தெரியவில்லை. காலைச் சங்கு ஊதும்போது, இன்னும் கார்டு அடிக்கவில்லையே என்று பதறி எழுந்து நிற்பாள். எழுந்த பிறகு எங்கே போவது என்று தெரியாமல் அடுப்பைத் துடைப்பாள். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைப்பாள். பேசிக்கொண்டே வேலை செய்து பழகிய வாய்க்குத் துணை இல்லை. மகளுக்குப் போன் செய்தால், அவளும் வேலைக்குப் போகிறவள், "அப்புறம் பேசறேம்மா" என்பாள். மத்தியானத்தில் டிவியைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்த இடத்தில் கை மட்டும் சும்மா இராது. துணி மாட்டுகிற கிளிப்புகளை இரண்டிரண்டாகக் கோர்த்து வரிசையாக வைத்துக்கொண்டே போகும். வேலையிலிருந்து வருகிற சங்கு அந்த வரிசையைப் பார்ப்பார். பார்க்காத மாதிரி கால் கழுவப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாயாடி வருவாள். வந்தால் வீடு நிரம்பிவிடும். மேசைச் செய்தி அத்தனையும் கொட்டுவாள். "உங்க இடத்துல யாரும் உக்காரலை அக்கா, நாங்க உக்கார விடமாட்டோம். மாமா, என் அக்காவை எப்ப திருப்பிக் கூப்பிடப் போறீங்க?" என்பாள். "மணி நேரம் ஏறட்டும்" என்பார் சங்கு.

ஏறியது. அதுதான் வேடிக்கை, அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. மழைக்காலம் முடிந்ததும் ஆர்டர் வந்தது. குடோன் காலியானது. சனிக்கிழமை திரும்பி வந்தது, ஓவர்டைம் திரும்பி வந்தது. நாற்பது, நாற்பத்துநாலு, நாற்பத்தெட்டு. ஒவ்வொரு வாரமும் சங்கு அந்த எண்ணைப் பையில் போட்டுக்கொண்டு வராத குறையாக வீட்டுக்கு ஓடி வந்தார். மனைவி நீலக் கோட்டை எடுத்துத் துவைத்துக் காயவைத்தாள். ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது, இறுக்கித் தைத்தாள்.

ஐம்பதைத் தாண்டியும் யாரையும் கூப்பிடவில்லை. சங்கு மேனேஜரிடம் போய்த் தலையைச் சொறிந்தார்.

"ஆள் எடுக்கறதா?" என்று மேனேஜர் ஆச்சரியப்பட்டார். "பத்தொன்பது பேரே ரெண்டு மணி நேரம் கூட உக்காந்தா முடிஞ்சிடுதே. புதுசா ஒருத்தரை எடுத்தா, இந்த ஆர்டர் நின்னுபோச்சுன்னா மறுபடியும் அனுப்பணும். அது பாவம் இல்லையா? இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்."

பாவம் என்ற வார்த்தையை அவர் மனசாரத்தான் சொன்னார்.

"அடுத்த மாசம்னு சொல்றாங்க" என்று வீட்டில் சொன்னார். அது பொய். அதற்கு அடுத்த மாதமும் அதையே சொன்னார்.

அப்போதுதான் அவர் மனசுக்குள் ஒரு கோணல் ஆசை புகுந்தது. இன்னும் ஏறட்டும் என்று ஆசைப்பட்டார். ஐம்பத்தைந்து, அறுபது என்று போனால் இவர்களால் தாக்குப்பிடிக்க முடியாது, ஆள் எடுத்தே ஆக வேண்டும். ஒரு வாரத்தில் ஒரு ஆள் இத்தனை மணி நேரத்துக்கு மேல் உட்காரக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டுகிற கார்டில் சிவப்புக் கோடு போட்டு மேனேஜர் மேசைக்கு அனுப்ப வேண்டியது டைம் ஆபீஸ் வேலை. அனுப்பினால் அந்த ஆளுக்கு ஓவர்டைம் நிற்கும். நின்றால் சராசரி இறங்கும். சங்கு சிவப்புப் பென்சிலை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். எல்லாம் மனைவிக்காகத்தான் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். அது உண்மையும்கூட, அதுதான் கொடுமை.

வாயாடி ஞாயிற்றுக்கிழமை வருவது நின்றது. ஒரே ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். சாப்பிடச் சொல்லி மனைவி தட்டை வைத்தாள். பேசிக்கொண்டே இருந்தவள், பாதி வாக்கியத்தில், சோற்றில் வைத்த கையை எடுக்காமல் தூங்கிவிட்டாள். அவள் தூங்கி விழுந்ததைவிட, பாதியில் பேச்சை நிறுத்தியதுதான் மனைவியைப் பயமுறுத்தியது.

அவளை எழுப்பிச் சாப்பிடவைத்து அனுப்பிவிட்டு வந்து சங்கிடம் சொன்னாள்: "அவளுக்கு ஓவர்டைமைக் குறைங்க."

"அவளேதான் கேட்டு வாங்கறா. பிள்ளைங்களுக்கு வேணுமே."

"அவ கேப்பா. நீங்க குடுக்கலாமா? முன்னயெல்லாம் கொஞ்சம் அசந்தா நான் தட்டை நிரப்புவேன். இப்ப பக்கத்துல யாரு இருக்கா?"

"பாக்கறேன்" என்றார் சங்கு. சிவப்புப் பென்சில் இழுப்பறையில்தான் இருந்தது. எடுக்க வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அந்த வாரம் சராசரி ஐம்பத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு வாரம் போகட்டும், அறுபதைத் தொட்டதும் மேனேஜரிடம் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஓவர்டைமில் நடந்தது. சங்கு டைம் ஆபீஸில் இருந்தார். எத்தனையோ மெஷின்கள் ஒன்றாக இரைகிற இடத்தில், ஒரு மெஷின் நின்றால் காதுக்குத் தெரியாது. கோர்க்கும் பிரிவில் ஒன்று நின்றது, பிறகு இரண்டு நின்றது, பிறகு எல்லாமே நின்றது. அவர் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

மெஷினுக்கு முன்னால் ஒரு தடுப்பு உண்டு. அவசரத்தில் எல்லோரும் அதைத் தூக்கிவிட்டுத்தான் வேலை செய்வார்கள். வாயாடிக்குக் கண் ஒரு நொடி சொக்கியிருக்கிறது. கை உள்ளே இருக்கும்போது கால் மிதித்துவிட்டது. வலது கை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். கம்பியை எடுத்துச் செருகுகிற விரல்கள் அவைதான். அவளை ஜன்னல் ஓர இருக்கையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அது சங்கின் மனைவியுடைய இருக்கை. அவள் கத்தவில்லை. சங்கைப் பார்த்து, "மாமா, அக்காகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவாங்க" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி போன பிறகு சங்கு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கார்டுப் பலகையில் வாயாடியின் கார்டு, வந்த நேரம் அடித்து, போன நேரம் அடிக்காமல் அப்படியே இருந்தது. என்ன நேரம் போடுவது என்று மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முழு ஓவர்டைமும் போட்டுடுங்க. பாவம், அதுவாவது கிடைக்கட்டும்."

சங்கு போட்டார். வாரக் கடைசியில் கூட்டி வகுத்தபோது, அவர் டைம் ஆபீஸுக்கு வந்த நாளிலிருந்து வராத பெரிய சராசரி வந்தது. அதற்குள்ளே, வாயாடி ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்த நேரமும் இருந்தது.

மனைவி தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். சங்கிடம் சண்டை போடவில்லை. சாப்பாடு போட்டாள், டீ கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சிவப்புப் பென்சிலைப் பற்றி அவராகவே சொன்னார். யாருக்காக அதை எடுக்காமல் இருந்தார் என்பதையும் சொன்னார்.

"எனக்காகவா?" என்றாள். "நான் எப்பங்க உங்களை அப்படிக் கேட்டேன்?"

அவர் அழுதார். அவள் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

அந்த வாரம்தான் வானொலியில் மாதக் கணக்கு வந்தது. தொழிற்சாலைகளில் வார வேலை நேரம் நன்றாக ஏறியிருக்கிறது, நல்ல காலத்தின் அறிகுறி, விரைவில் புது வேலைகளும் வரும் என்று நல்ல குரலுடைய ஒரு பெண் வாசித்தாள். சங்கு எழுந்துபோய் அணைக்கப் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றாள் மனைவி. "இது போன மாசத்துக் கணக்குதானே? வாயாடியோட மணி நேரமெல்லாம் அடுத்த மாசம்தான் படிப்பாங்க, இல்லீங்களா?"

"ஆமா" என்றார் அவர். இத்தனை வருடம் சொல்லிச் சொல்லிக் கொடுத்ததை அவள் ஒன்றுவிடாமல் கற்றுக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் கூப்பிட்டார். "கோர்க்கற பிரிவுல ஒரு ஆள் குறையுது. உங்க வீட்டம்மா கை பழகினவங்க. திங்கக்கிழமையிலேர்ந்து வரச் சொல்லுங்க."

எந்த வார்த்தைக்காக அவர் இத்தனை மாதம் தவம் கிடந்தாரோ, அந்த வார்த்தை. மணி நேரம் முன்னால் போனது, ஆள் பின்னால் வந்தது. அவர் கணக்கு தப்பவில்லை. அன்று வீடு போய்ச் சேர அவருக்கு வழக்கத்தைவிட வெகு நேரமானது. சொன்னபோது மனைவி கிளிப்புகளைப் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். போகமாட்டேன் என்பாள் என்று நினைத்தார். சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வாயாடிகிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்றாள்.

கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு வாயாடி சொன்னாளாம்: "போங்க அக்கா. வேற எவளாவது வந்து உக்காந்தா என்னால தாங்க முடியாது. நீங்கன்னா என் இடத்தைப் பாத்துக்குவீங்க."

திங்கட்கிழமை காலையில் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பொத்தான் இறுக்கித் தைத்த நீலக் கோட்டு. பழைய நடை இல்லை. கேட்டில் அவள் கார்டு அடித்தாள், அவரைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். சங்கு பொத்தானை அழுத்தினார், சங்கு ஊதியது.

அரை மணி நேரம் கழித்து அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. கோர்க்கும் பிரிவின் கதவோரம் போய் நின்றார். அந்தக் கதவில் இருந்தது அவர்கள் செய்த கீல்தான்; சத்தம் இல்லாமல் திறந்தது. மேசையில் யாரும் பேசவில்லை. மனைவி ஜன்னல் ஓரத்தில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு, தடுப்பை இறக்கி வைத்திருந்தார்கள். அவள் கோர்த்தாள், செருகினாள், மிதித்தாள். முதல் கீலை எடுத்தாள். பக்கத்துத் தட்டில் போட்டாள். அடுத்ததைத் தன் தட்டில். அதற்கடுத்ததை மறுபடியும் பக்கத்தில்.

சூப்பர்வைசர் வந்து நின்றார். காலி இருக்கைக்கு முன்னால் தட்டில் கீல்கள் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவருக்குக் கோபம் இல்லை, புரியவில்லை, அவ்வளவுதான்.

"இது யாரோட தட்டு? இங்க யாரும் இல்லையேம்மா."

மேசையிலிருந்த மற்ற பெண்கள் கையை நிறுத்தினார்கள். சங்கின் மனைவி நிறுத்தவில்லை.

"அவ வெளியே போயிருக்கா சார்" என்றாள். "இப்ப வந்துடுவா."

சூப்பர்வைசர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். எதிரில் இருந்தவள் எழுந்து வந்து, தன் கையிலிருந்த கீல்களையும் அந்தத் தட்டில் போட்டுவிட்டுப் போனாள்.

சங்கு டைம் ஆபீஸுக்குத் திரும்பினார். அந்த வாரத்துக் கணக்குத் தாளில் கோர்க்கும் பிரிவுக்கு நேரே ஆட்கள் பத்தொன்பது என்று எழுத வேண்டும். பென்சிலை எடுத்தவர் வெகு நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.